நகல்: மனுதாரருக்கு

ஜூலை 7, திங்கள்

மோட்டார் மறுபடியும் மக்கர். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று இவரிடம் சொன்னால், இதுக்குப் போயா என்று ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டார். காலமெல்லாம் டிரில் மாஸ்டராக இருந்தவர். விசில் ஊதினால் மோட்டார் ஓடும் என்று நினைப்பு. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கிக் குளித்துவிட்டு ஆபீஸ் போனேன்.

தபாலில் ஒரு தகவல் உரிமை மனு வந்திருந்தது. எங்கள் மகளிர் நல அலுவலகத்துக்கு வழக்கமாக நாலு பேர்தான் மாற்றி மாற்றி மனுப் போடுவார்கள். ஜீப்புக்கு எவ்வளவு டீசல், கூட்டத்துக்கு எத்தனை வடை என்று கேட்பார்கள். பொதுத் தகவல் அலுவலர் என்று என் பெயர்ப் பலகையில் எழுதி வைத்த பாவத்துக்கு நான் வடையை எண்ணிப் பதில் எழுதுவேன். இன்று வந்தது வேறு மாதிரி. விருதுநகர் பக்கத்திலிருந்து ஞானசேகர் என்பவர், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். போன மாதம் நாங்கள் தையல் மெஷின் கொடுத்த விழாப் படம் பேப்பரில் வந்ததாம். அதில் கடைசி வரிசையில் நிற்பது அவர் மனைவி சுகந்தியாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளாம். இப்போது அவள் இருக்கிற முகவரி வேண்டும். "பெற்ற பிள்ளையின் முகம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று முடித்திருந்தார். படித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அந்தப் பெண்ணை நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேடையில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே இல்லை. பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்து வந்தாள். குரூப் போட்டோவுக்கு நிற்கமாட்டேன் என்று வேறு அடம். பயனாளிகள் எல்லாரும் போட்டோவில் இருந்தால்தான் மேலே ரிப்போர்ட் அனுப்ப முடியும் என்று நான்தான் அதட்டி நிற்க வைத்தேன். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். மெஷின் வாங்கும்போது மட்டும் கூச்சம் வரவில்லையா என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

மாவட்ட அலுவலர் புதிதாக வந்த பையன். என் மகனாக இருக்கும் வயசு. மனுவைப் பார்த்துவிட்டு, புருஷன்தானே மேடம், முகவரியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். விட்டேனா. தனிநபர் தகவல் பாதுகாப்பு பற்றிக் கலெக்டர் ஆபீசில் பயிற்சி கொடுத்தபோது முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷனாக இருந்தாலும் மனுதாரர் மனுதாரர்தான், அந்தப் பெண்ணுக்கு முதலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும், தகவலைத் தர அவளுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும் என்று சொன்னேன். உங்களுக்குத் தெரியாததா மேடம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

தட்டச்சர் மெர்சியை உட்கார வைத்து அறிவிப்பை நானே சொல்லச் சொல்ல அடிக்க வைத்தேன். நல்ல பெண். ஆனால் அடிக்கடி சந்தேகம் கேட்பாள். கடைசியில் வந்து, "மேடம், இதுக்கும் நகல் போடணுமா?" என்று இழுத்தாள். நகல் போடாமல் என் மேசையிலிருந்து எந்தத் தாள் போயிருக்கிறது, மனுப் போட்டவருக்கு நாம் நடவடிக்கை எடுத்தது தெரிய வேண்டாமா, நாளைக்கு அவர் மேல்முறையீட்டுக்குப் போனால் நீ வந்து பதில் சொல்வாயா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு அடித்தாள். இரண்டும் பதிவுத் தபாலில் போய்விட்டன.

அந்தப் பெண்ணின் வீடு ஒன்றும் தூரமில்லை. ██████ தெரு, ██████ மில்லுக்குப் பின்னால். நான் காய்கறி வாங்கப் போகிற வழிதான்.

ஜூலை 12, சனி

மோட்டார் ஓடுகிறது. இவர் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்து ஓடுவதைக் காட்டினார். முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். மனசுக்கு நிம்மதியான நாள்.

ஜூலை 14, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பதினொரு மணி வாக்கில் சுகந்தி வந்தாள். கூட அந்தக் குழந்தை யாழினி, பள்ளிச் சீருடையில். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கையில் நான் அனுப்பிய அறிவிப்பு. ஆட்சேபம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும், விஷயம் அதோடு முடிந்தது என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. தாளின் அடியில் விரலை வைத்தாள்.

"இது அவருக்கும் போயிருக்கா மேடம்?"

அடியில் இருந்தது: நகல், மனுதாரர் திரு. ஞானசேகர் அவர்களுக்குத் தகவலுக்காக. மேலே, பெறுநர் என்ற இடத்தில், அவள் பெயர், கதவு எண், தெரு, மில், ஊர், பின்கோடு.

முகவரியைக் கொடுக்கலாமா என்று அவளைக் கேட்கிற கடிதத்திலேயே முகவரியை எழுதி, அதில் ஒரு பிரதியை அவனுக்கே அனுப்பியிருக்கிறோம். மெர்சி நகல் போட்டுவிட்டாள். தபால் எங்கே இருக்கிறது என்று மெர்சியே போனில் தட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை மதியமே பட்டுவாடா ஆகிவிட்டது. நான் சாம்பார் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

நல்லபடியாகப் பேசினால் சேர்ந்து வாழலாமே என்று, சொல்ல வேண்டுமே என்பதற்காக, மெதுவாகச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் காட்டினாள். இந்தப் பக்கம் சொல்லுங்க மேடம், அந்தக் காது கேட்காது என்றாள். எப்போதிருந்து என்று கேட்டேன். குக்கர் மூடி என்றாள். மேடையில் மூன்று தடவை கூப்பிட்டும் ஏன் திரும்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அலுவலரிடம் ஓடினேன். குறிப்பு எழுதிக் கோப்பில் வையுங்கள், மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். போலீசுக்குப் போகலாம் என்று சுகந்தியிடம் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் அவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைப்பார்கள், போன தடவை அப்படித்தான் நடந்தது என்றாள். காப்பகம் இருக்கிறது என்றேன். "அங்கயும் என் பேர எழுதுவாங்க மேடம். எழுதினா யாராவது படிப்பாங்க," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் என் சர்வீஸ் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தவள்.

மத்தியானம் லீவு போட்டேன். ஆட்டோவில் அவள் வீட்டுக்குப் போய் இரண்டு பைகளில் துணியை அள்ளினோம். தையல் மெஷினை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். வீட்டுச் சொந்தக்காரர் மேரிதாஸ் நல்ல மனுஷன். அவரும் ஆட்டோக்காரரும் சேர்ந்து மெஷினை ஆட்டோவின் பின்னால் கயிற்றில் கட்டினார்கள். மெஷினின் மேல் எங்கள் திட்டத்தின் பெயரும் வரிசை எண்ணும் பெயிண்டில் பளபளவென்று எழுதியிருந்தன. சுகந்தி அதன் மேல் ஒரு பழைய பாவாடையைப் போட்டு மூடினாள். பெரிய தெருவைத் தாண்டுகிற வரை ஒவ்வொரு பைக் வரும்போதும் குழந்தையின் தலையைக் கீழே அழுத்தினாள். குழந்தை எதற்கு என்று கேட்கவில்லை. பழகியிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவை விட்டு இறங்கி, ██████ பஸ்ஸில் மெஷினையும் ஏற்றிக்கொண்டு, ██████இல் என் ██████ வீட்டில் கொண்டு போய் விட்டேன். இவரிடம் மீட்டிங் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மேரிதாஸ் காலையில் போன் செய்தார். விடிந்ததும் ஒருவர் வந்து வீட்டு வாசலில் நின்றாராம். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. ஆள் காலி பண்ணிப் போய்விட்டது என்று சொன்னதும் கோபப்படவில்லையாம். ஜன்னல் வழியாகக் காலி வீட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். கொடியில் குழந்தையின் சாக்ஸ் ஒன்று மறந்து கிடந்ததாம். அதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனாராம்.

ஒரே ஒரு நாள். நேற்று அவள் வராமல் இன்றைக்கு வந்திருந்தால் என்று திரும்பத் திரும்ப அதுவே மனசில் ஓடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. இவர் எனக்குப் பித்தம் என்று முடிவு செய்து சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 16, புதன்

அவர் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

கையில் ஸ்வீட் பெட்டி. மெர்சிக்கும் வணக்கம் வைத்தார். என் எதிரே உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து நான் அனுப்பிய நகலை எடுத்து மேசையில் வைத்தார். நாலாக மடித்து நன்றாக நீவி வைத்திருந்தார்.

"பத்துப் பன்னெண்டு ஆபீசுக்கு எழுதினேன் மேடம். ஒருத்தரும் மதிக்கல. நீங்க ஒருத்தர்தான் முகவரியோட அனுப்புனீங்க. உங்கள நான் மறக்கமாட்டேன்."

அது தவறுதலாக வந்தது என்று எப்படியோ சொன்னேன். அவர் சிரித்தார். அந்த முகவரியில் அவள் இல்லை, பரவாயில்லை, புது முகவரி உங்கள் பதிவில் வந்திருக்குமே என்றார். அப்படி எதுவும் வரவில்லை என்றேன். என் முகத்தையே பார்த்தார். திங்கள்கிழமை ஒரு அம்மா கூட இருந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டதாகத் தெருவில் சொன்னார்கள், மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாவாம் என்றார். ஊரில் பாதிப் பேர் கண்ணாடிதான் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

போகும்போது ஸ்வீட் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை யாரும் தொடவில்லை.

அலுவலர் கூப்பிட்டு நகல் எப்படிப் போனது என்று கேட்டார். தட்டச்சில் கவனக்குறைவு என்றேன்.

ஜூலை 17, வியாழன்

வீடு திரும்பினால் ஹாலில் இரண்டு காபி டம்ளர்கள். உன் ஆபீஸ் விஷயமாக ஒரு தம்பி வந்திருந்தார், தங்கமான மனுஷன், பாவம், மகளைத் தேடி அலைகிறார் என்று இவர் உருகினார். மோட்டார் ரிப்பேர் பண்ணிய கதை முழுவதும் பொறுமையாகக் கேட்டாராம். என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உலுக்கி எடுத்தேன். உன் சொந்தக்காரர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டாராம்.

"நான் எதுக்குடி உன் ஆளுங்களப் பத்திப் பேசப்போறேன்? உன் தம்பி கல்யாணத்துல என்னைப் பந்தியில கடைசியா உக்கார வச்சதிலேருந்து உங்க ஆளுங்க யார்கிட்டயும் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லன்னுட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக இவருடைய வீம்புக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

என் வீட்டு முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று ஆபீசுக்குப் போன் செய்து விசாரித்தேன். வாட்ச்மேன் கொடுத்தாராம். கேட்டார், சொன்னேன், அதில் என்ன மேடம் இருக்கிறது, ஊருக்கே தெரிந்த வீடுதானே என்றார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அவரிடம் விளக்கத் தெரியவில்லை. முன் கதவின் மேல் தாழ்ப்பாளை இன்றைக்குத்தான் போடுகிறேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுத் தள்ள வேண்டியிருந்தது.

ஜூலை 18, வெள்ளி

மெர்சிக்கு மெமோ வந்துவிட்டது. தனிநபர் தகவலைக் கவனக்குறைவாக வெளியிட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று. தற்காலிகப் பணியாளர். நடவடிக்கை என்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அர்த்தம். மெமோவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பாக்கி இருந்த தாள்களை அடித்து முடித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயந்திரம் போய்வருகிறேன் மேடம் என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் ஒன்பதாம் தேதியைப் படித்தேன். பதினாலாம் தேதியையும் படித்தேன். "மெர்சி நகல் போட்டுவிட்டாள்" என்று எழுதியிருக்கிறேன். யார் படிக்கப்போகிற நோட்டு இது? எனக்கு நானே எழுதிக்கொள்வதில்கூட அவள் தலையில் தூக்கிப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நகல் போடச் சொன்னது நான். வேண்டுமா என்று கேட்டவளை அதட்டியது நான். அந்த போட்டோவில் நிற்க வைத்ததும் நான்தான்.

ஜூலை 21, திங்கள்

அலுவலர் அறைக்குப் போய் மெர்சியின் மெமோவைத் திரும்பப் பெறச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்டோபரில் ஓய்வு பெறப்போகிறீர்கள், விசாரணை என்று வந்துவிட்டால் பென்ஷன் நின்றுபோகும், நன்றாக யோசியுங்கள் என்றார். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று அவரே கேள்விகளைச் சொன்னார். அறிவிப்புக்கு நகல் குறிப்பிட்டது யார்? வெளியானதும் எடுத்த நடவடிக்கை என்ன? பயனாளி தற்போது எங்கே இருக்கிறார்?

மூன்றாவது கேள்வி எதற்கு என்று கேட்டேன். அறிக்கை முழுமையாக இருக்க வேண்டும் மேடம், மேலே போகும், கலெக்டர் ஆபீசுக்கு ஒன்று, மனுதாரர் மேல்முறையீடு செய்திருப்பதால் அந்தக் கோப்பிலும் ஒன்று என்றார். பையன் கெட்டவன் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான்.

மெர்சியை உட்கார வைத்து, சொல்லச் சொல்ல அடிக்க வைத்தேன். முதல் கேள்விக்கு, நகல் குறிப்பிடச் சொன்னது நான், தட்டச்சர் தயங்கிக் கேட்டும் நான் கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடித்தாள். இரண்டாவது கேள்விக்கு, அலுவலரிடம் தெரிவித்தேன், பயனாளியை எச்சரித்தேன் என்றேன். மூன்றாவதற்கு, பயனாளி தற்போது எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது என்றேன்.

சர்வீசில் நான் சொன்ன முதல் பொய், தட்டச்சில் கவனக்குறைவு என்று அலுவலரிடம் வாயால் சொன்னது. அரசாங்கத் தாளில் எழுத்தாகச் சொன்னது இதுதான் முதல். வாயால் சொன்னதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு இல்லை.

கடைசி வரி வந்ததும் மெர்சி கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நகல், மேடம்?"

"வேணாம்மா. யாருக்கும் இல்ல."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கடையில் ஒரு கறுப்பு மார்க்கர் வாங்கினேன். இந்த நோட்டில் தெரு, மில், பஸ், ஊர், உறவு என்று நான் எழுதி வைத்திருந்த இடத்தையெல்லாம் அடித்தேன். அடித்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். லேசாகத் தெரிந்தது. பின்பக்கமும் ஒரு தடவை அடித்தேன். என்ன பண்ணுகிறாய் என்று இவர் கேட்டார். எழுத்துப் பிழை என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

மெர்சியின் மெமோ ரத்து. எனக்கு ஒன்று வந்தது. ஞானசேகரின் மேல்முறையீடு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. நான் நேரில் ஆஜராக வேண்டும். அவரும் வருவார். என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும், முகம் மாறாமல். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுகந்தி போன் செய்தாள். அங்கிருந்தும் இடம் மாறிவிட்டாளாம். என் ██████கூட என்னிடம் சொல்லவில்லை. மெஷினில் இருந்த எங்கள் பெயரையும் எண்ணையும் மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டாளாம், ஜாக்கெட் ஆர்டர் கொஞ்சம் வருகிறதாம். பேசும்போதே பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. யாழினிதான் காலை எட்டி எட்டி மிதித்துப் பார்க்கிறாள் என்றாள்.

இப்போது எங்கே இருக்கிறாய் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. அவளே சொல்ல வாயெடுத்தாள். சொல்லாதே என்று நான்தான் தடுத்தேன்.

இனி விசாரணையில் என்னை யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லலாம். அது பொய்யாகவும் இருக்காது.